பெல்ச்சித்தே பாழான விதம்

ஸ்பானிய மொழி கற்கப் புகுகிறவர் 'தெசோலாசியோன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் கண்டு மனப்பாடம் செய்கிறார்: ஊரின் அழிவு, ஆளின் பெருந்துயரம். கட்டடம் சரிவதுபோல மனமும் சரிகிறது, ஆகவே முன்னது நேர்ப்பொருள், பின்னது உருவகம் என்று விளக்கமும் கிடைத்துவிடுகிறது. அதே தடத்தில் போகும் மொழிபெயர்ப்பில் எல்லாரும் 'நொறுங்கி', 'இடிந்து' போகிறார்கள். இந்த விளக்கம் தவறு என்றே நினைக்கிறோம். அந்தச் சொல் இடிபாட்டைக் குறிப்பதல்ல, ஆளற்றுப் போவதைக் குறிப்பது. 'தனி' என்று பொருள்படும் லத்தீன் 'சோலுஸ்' அதன் வேர். பேசுகிறவர் யாரும் வேரை நினைத்துக்கொண்டு பேசுவதில்லையே என்பார்கள். நியாயந்தான்; அப்படியானால் வழக்கைப் பார்க்கலாம். விபத்தில் அப்பளமாகிப்போன காரை ஸ்பானியர் 'தெஸ்த்ரொசாதோ' என்பார். 'தெசோலாதோ' என்று சொல்லமாட்டார். ஒரு கல்கூடப் பெயராத வெறும் சமவெளியையோ தயங்காமல் அப்படிச் சொல்வார். சிலே நாட்டுக் கவிஞர் கபிரியேலா மிஸ்த்ரால் 1922இல் நியூயார்க்கில் வெளியிட்ட முதல் தொகுப்புக்கு இந்தச் சொல்தான் பெயர். தலைப்புக் கவிதையின் களம் படகோனியா. 1918 முதல் 1920 வரை அவர் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த புந்தா அரேனாஸ் அங்கேதான் இருக்கிறது. கவிதையில் இடிந்தது எதுவுமில்லை. மூடுபனி, காற்று, தன்னைச் சேர்ந்த யாரையும் கொண்டுவராத கப்பல்கள், அவ்வளவே.

கவிதையை விடக் கனத்த சான்று ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள பெல்ச்சித்தே. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி இரண்டு வாரம் நடந்த சண்டையில் அந்த ஊரின் பெரும்பகுதி இடிந்துபோனது. போரில் வென்ற பிராங்கோ இடிபாட்டை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார்; பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். அழிவுற்ற பகுதிகளுக்கென்று ஓர் அரசு இயக்ககமே இருந்தது. அதன் பெயரில் இருந்தது 'தெவாஸ்தாதாஸ்', சேதத்தைச் சொல்லும் சொல். 1940 முதல் அது நடத்திய 'ரெகொன்ஸ்த்ருக்சியோன்' (மறுகட்டுமானம்) இதழ் வரைபடங்களும் புதிய சதுக்கங்களின் படங்களுமாக வந்தது. இப்படிக் கட்டித் தந்தவர்கள் மக்களைக் கைவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். கட்டியது உண்மை, அதில் தோற்ற குடியரசுத் தரப்புக் கைதிகளின் உழைப்பும் இருந்தது. புது ஊர் திறக்கப்பட்டது 1954இல். பழைய ஊரைக் கடைசிக் குடும்பங்கள் விட்டுப் போனது 1964இல்! அதுவரை இடிபாட்டுக்கு நடுவிலேதான் குடித்தனம். இடிபாட்டை நினைவுச் சின்னமாகக் காத்தார்களே என்றால், யாருடைய நினைவு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வென்ற தரப்பில் மாண்டவர்களுக்குச் சிலுவை நட்டார்கள், பெயர் பொறித்தார்கள். 1936 கோடையில் பிராங்கோ தரப்புக் கலகப் படையினர் சுட்டுக் கொன்ற இடதுசாரிகள் பெயரில்லாக் குழிகளில் கிடந்தார்கள். அவர்களின் பெண்டு பிள்ளைகள் வாய்விட்டு அழவும் வழியில்லை. இயக்ககத்தின் கணக்கில் சுவர் உண்டு, கூரை உண்டு. இந்த இழப்புக்கு அதில் பத்தியே கிடையாது.

துயரம் உள்ளே நேர்ந்த ஓர் இடிபாடுதான் என்றால், புதுச் சதுக்கமும் புதுத் தேவாலயமும் காலமும் அதைச் சரிசெய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 2000இல் பிரியரான்சா தெல் பியெர்சோவின் சாலையோரக் குழியிலிருந்து, பிராங்கோ தரப்பினர் 1936இல் கொன்ற 13 பேரின் எலும்புகளைத் தோண்டியெடுத்தபோது, அறுபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகும் உறவினர்கள் கேட்டது கட்டடத்தை அல்ல. எங்கள் ஆளைக் கொடுங்கள், பெயர் சொல்லிப் புதைக்கிறோம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. அதன் பிறகு ஸ்பெயின் எங்கும் இப்படிக் குழிகள் திறக்கப்பட்டன.

தமிழில் ஊருக்கென்றால் 'பாழ்' சரியாக வரும். பாழ்வீட்டுக்குக் கூரை சரிந்திருக்க வேண்டியதில்லை, குடியில்லாமல் கிடந்தாலே போதும். ஆளுக்கு வரும்போது 'நாதியற்றுப் போனாள்' என்ற வழக்கை எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பது இங்கே இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற குறை இதில் உண்டு. 'நொறுங்கினாள்' என்று எழுதி இரண்டையும் இழப்பதைவிட அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம்.