ட்ராஃப்ட் இரவில் போடும் மதிப்பெண் செல்லாது

கணினியில் நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் லீகுகளில் புதுமுக வீரர்களின் ட்ராஃப்ட் முடிந்த சூட்டோடு ஒரு பட்டியல் வந்துவிடும். இந்த அணிக்கு ஏ, அந்த அணிக்கு சி, கடைசியில் நிற்பவருக்கு எஃப். பட்டியல் போடுபவர் சொல்லும் நியாயம் எளிமையானது: "நிஜ என்எஃப்எல்லில் வீரனின் திறமையை யாராலும் அளந்துவிட முடியாது. சிமுலேஷனில் எல்லாமே எண். எண் கண்முன்னே இருக்கும்போது காத்திருப்பானேன்?"

இந்தக் கருத்து இன்று பெரும்பாலான லீகுகளில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. இது தவறு என்பதே என் வாதம்.

புதியவர்களுக்குச் சிறு விளக்கம். அமெரிக்காவின் நிஜத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லைப் போலவே இத்தகைய லீகில் பொதுவாக 32 அணிகள்; ஒவ்வொன்றையும் ஒருவர் நிர்வகிப்பார். ஆட்டத்தைப் பெரும்பாலும் கணினியே ஆடும். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் மேலாளரின் பொறுப்பு. ஜிம் கிண்டின் உருவாக்கி 1998-இல் முதலில் வெளிவந்த 'ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. 'மேடன் என்எஃப்எல்' விளையாட்டின் ஃப்ரான்சைஸ் முறையிலும் பல லீகுகள் நடக்கின்றன. ட்ராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போன்றதல்ல. இங்கே பணத்தால் வீரரை எடுக்க முடியாது, வரிசைதான் தீர்மானிக்கும். போன பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. அந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். இனி பட்டியல் போடுபவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "திரையில் தெரியும் ரேட்டிங்தான் வீரனின் தரம்"

கணினிக்குள் ஒவ்வொரு வீரனுக்கும் உண்மையான எண்கள் உண்டு என்பது சரி. ஆனால் மேலாளருக்குத் தெரிவது அந்த எண்கள்தான் என்று யார் சொன்னது? 'ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்' இன்றைய திறன், வருங்காலத் திறன் என இரண்டு மதிப்பீடுகளைக் காட்டும். இரண்டுமே உங்கள் ஸ்கவுட்டிங் ஆட்களின் கணிப்பு. அவர்கள் திறமைசாலிகள் என்றால் பிழை குறையும், இல்லையென்றால் கூடும். ஒரே வீரனை இரண்டு அணிகள் இரண்டு விதமாகப் பார்ப்பது இந்த விளையாட்டில் சகஜம். ஆகவே ஒருவர் தம் திரையைப் பார்த்துக்கொண்டு மற்ற 31 பேருக்கும் மதிப்பெண் போட்டால், அவர் தம் ஸ்கவுட்டுகளின் கருத்தைத்தான் ஊருக்குச் சொல்கிறார்.

மேடனில் 99-க்கு எத்தனை என்று ஒரே எண்ணாகத் தெரியும். அதனால் அது ஏதோ உறுதியான விஷயம்போலத் தோன்றும். ஆனால் அங்கே வளர்ச்சிக் குணம் என்று இன்னொன்று இருக்கிறது: நார்மல், ஸ்டார், சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர். அதைப் பொறுத்தே வீரன் எவ்வளவு வேகமாக முன்னேறுவான் என்பது அமையும். புதுமுகங்களில் இது பெரும்பாலும் உடனே தெரிவதில்லை. களத்தில் ஆடிய பிறகே வெளிப்படும். 72 ரேட்டிங்கோடு இரண்டு பேர் வந்தால், ஒருவன் மூன்று ஆண்டில் அணியின் முதுகெலும்பாக நிற்பான். மற்றவன் 74-லேயே தங்கிவிடுவான். ட்ராஃப்ட் இரவில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும்.

வயதையும் மறந்துவிடுகிறார்கள். 2012-இல் க்ளீவ்லாண்ட் அணி பிராண்டன் வீடனை முதல் சுற்றில், 22-ஆவது இடத்தில் எடுத்தது. அதற்குமுன் பேஸ்பாலில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்தவர் அவர். அப்போது வயது 28. இரண்டு பருவங்களில் அந்த அணியோடு அவர் கணக்கு முடிந்தது. இன்றைய திறனில் 21 வயதுக்காரனும் 24 வயதுக்காரனும் சமம் என்றால், சிமுலேஷனில் இளையவன்தான் விலை கூடியவன். ஒற்றை எண்ணில் இது தெரியாது.

வாதம் 2: "ஓட்ட நேரம் பொய் சொல்லாது"

ட்ராஃப்டுக்கு முன் புதுமுகங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் 40 கெஜ ஓட்டத்துக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. சிமுலேஷன்களும் அந்தச் சோதனையை அப்படியே கொண்டுவந்திருக்கின்றன. வேகமானவனைக் கண்டால் கை தானாகப் போகும்.

2017-இல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடினார். அந்தச் சோதனையில் அதுவரை இல்லாத வேகம். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. மறுபக்கம் டாம் பிரேடி. 2000-இல் அவருடைய ஓட்ட நேரம் 5.28 நொடி. 199-ஆவது ஆளாக, ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டார். பிறகு லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார்.

இரண்டு உதாரணங்களை வைத்து வேகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த இடத்தில் ஆடுபவனுக்கு எந்தச் சோதனை எதைக் காட்டுகிறது என்பதே கேள்வி. வெளிப்பக்கம் ஓடும் ரிசீவருக்கும் அவனைத் துரத்தும் கார்னர்பேக்குக்கும் வேகம் சோறு. தாக்குதல் வரிசையில் நிற்கும் டேக்கிளுக்கு அது ஊறுகாய்.

லீகின் தன்மையும் முக்கியம். மேடனில் மேலாளரே கையில் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடினால், வேகமான வீரன் அவர் விரலுக்கு நேரடி ஆயுதம். கணினியே முழு ஆட்டத்தையும் ஆடும் லீகில் அந்தச் சாதகம் அப்படியே கிடைக்காது. பந்தைப் பிடிக்கும் கை, ஓட்டப்பாதையின் துல்லியம், தடுக்கும் திறன் எல்லாம் சேர்ந்தே கணக்காகும். முதல் வகை லீகில் கற்ற பாடத்தை இரண்டாம் வகை லீகில் ஒப்பிப்பவர்கள்தான் ஓட்ட நேரத்துக்கு ஏ போடுகிறவர்கள்.

வாதம் 3: "மேலே ஏற எந்த விலையும் கொடுக்கலாம்"

பட்டியல்களில் அதிகப் பாராட்டு யாருக்கு? தைரியமாக மேலே ஏறி, பேர்பெற்ற வீரனைத் தூக்கியவருக்கு. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, ட்ராஃப்டின் ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளிகள் வகுத்தார்கள். முதல் இடம் 3000, இரண்டாவது 2600, பதினாறாவது 1000, முப்பத்திரண்டாவது 590. அதாவது முதல் இடம் ஒன்று, பதினாறாவது இடங்கள் மூன்றுக்குச் சமம். பேரம் பேச வசதியாக வந்த அட்டவணை, நாளடைவில் இயற்கை விதிபோல ஆகிவிட்டது. பல சிமுலேஷன் லீகுகளிலும் இன்றுவரை இதன் சாயலில்தான் பேரம் நடக்கிறது.

கேட் மேசியும் ரிச்சர்ட் தேலரும் இதைத் தரவுகளோடு சோதித்தார்கள். தேலர் 2017-இல் பொருளியல் நோபல் பெற்றவர். 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வு, மேலே உள்ள இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுப்பதாகக் காட்டியது. ஒரே ஆட்டநிலையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் சிறப்பாக ஆட வாய்ப்பு சுமார் 52 சதவீதம். காசைச் சுண்டிவிடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. அடுத்த ஆண்டின் வாய்ப்பைக் கொடுத்து இந்த ஆண்டின் வாய்ப்பை வாங்கும் அணிகள், ஆண்டுக்கு 136 சதவீத வட்டி கட்டுவதற்கு ஒப்பான பேரம் பேசுகின்றன என்றும் கண்டார்கள். கந்துவட்டிக்காரனே வெட்கப்படும் விகிதம்.

இதற்கு ஒரு முழுமையான உதாரணம் 1999-இல் நடந்தது. ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ரன்னிங் பேக்குக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த ஆண்டின் தன் வாய்ப்புகள் அனைத்தையும், அதோடு அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தது. மூன்று பருவம் கழித்து அவரை மயாமிக்கு அனுப்பிவிட்டது.

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 2017-இல் கேன்சஸ் சிட்டி 27-ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கொடுத்த விலை, அந்த 27-ஆவது இடம், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு, மறு ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பு. அதைத் தவறென்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். குவார்ட்டர்பேக் கையில் ஆட்டமே இருப்பதால் அவருக்கான கணக்கு வேறு.

இன்னொன்று: 2011-இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தைக் குறைத்தது. 2010-இன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டும் 5 கோடி டாலர். மறு ஆண்டின் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தமே சுமார் 2.2 கோடி. இதனால் மேலிடங்கள் முன்பைவிட லாபகரமாயின. உங்கள் லீக் எந்தச் சம்பள விதியில் நடக்கிறது என்று பார்க்காமல் "மேலே ஏறினான், சபாஷ்" என்பதும் தப்பு. "மேலே ஏறினான், முட்டாள்" என்பதும் தப்பு.

வாதம் 4: "முதல் பருவம் முடிந்தால் தெரிந்துவிடும்"

ட்ராஃப்ட் இரவு அவசரம் என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து ஓடிவந்து நிற்பது இங்கே. 2012-ஐப் பாருங்கள். வாஷிங்டன் அணி ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறி ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. மூன்று முதல் சுற்று வாய்ப்புகளும் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பும் அதற்குப் போயின. அந்தப் பருவத்தின் சிறந்த தாக்குதல் புதுமுகம் என்ற விருதை அவர் வென்றார். முதல் பருவத்தை வைத்து மதிப்பெண் போட்டால் ஏ பிளஸ். அந்தப் பருவத்தின் பிளே-ஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போனது. அதன்பின் பழைய கிரிஃபின் திரும்பவில்லை. அதே ட்ராஃப்டில், அதே அணி, 102-ஆவது இடத்தில் கர்க் கசின்ஸ் என்பவரை எடுத்திருந்தது. 2015-இல் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் ஆனவர் அவரே.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. மஹோம்ஸ் முதல் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அடுத்த பருவத்தில் 50 டச்டவுன் பாஸ்கள், லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. ஆரன் ராட்ஜர்ஸ் 2005-இல் 24-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு, 2008-இல்தான் முதன்மை இடத்துக்கு வந்தார்.

சிமுலேஷனில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். நோஞ்சான் அணியில் சேரும் புதுமுகம் முதல் வாரமே களமிறங்கிப் புள்ளிவிவரம் சேர்ப்பான். பலமான அணியில் சேர்பவன் மூத்தவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பான். முதலாமவனுக்குக் கிடைத்தது வாய்ப்பு. அதைத் திறமை என்று பட்டியல்காரர் எழுதிக்கொள்கிறார். நிஜ லீகில் புதுமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டு. அதை அப்படியே பின்பற்றும் லீகில், வாங்கிய பொருளின் ஆயுளே நான்கு ஆண்டு என்னும்போது, கால்வாசி கழிந்ததும் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

வாதம் 5: "அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம், மதிப்பிடவே வேண்டாம்"

முந்தைய வாதங்கள் உடையும்போது சிலர் மறுகரைக்குத் தாவுகிறார்கள். 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆடினார். ஆகவே யாரை எடுத்தாலும் ஒன்றுதான் என்பது அவர்கள் முடிவு.

ஒரு தேர்வில் அதிர்ஷ்டம் பெரிது. பல தேர்வுகளில் அது சுருங்கும். ஒரு கணக்குப் போடுவோம். பின்சுற்றில் எடுக்கும் ஒருவன் நல்ல வீரனாக 10 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனை எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. ஐந்து பேரை எடுத்தால், ஒருவனாவது தேற சுமார் 41 சதவீதம் வாய்ப்பு. யார் தேறுவான் என்பது அதிர்ஷ்டம். எத்தனை பேரை எடுத்தீர்கள் என்பது முடிவு. அந்த முடிவை மதிப்பிடலாம், மதிப்பிடவும் வேண்டும்.

பிறகு எப்படி மதிப்பிடுவது?

என் யோசனை நான்கு கேள்விகள். அந்த இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய மற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்தத் தேர்வு எப்படி? அதற்குக் கொடுத்த விலை, விட்டுக்கொடுத்த வருங்கால வாய்ப்புகள் உட்பட, எவ்வளவு? அந்த நாளில் மேலாளருக்குத் தெரிந்திருந்ததை வைத்து அது நியாயமான முடிவா? ஒப்பந்தக் காலம் முழுவதிலும் அந்த வீரனிடமிருந்து சம்பளத்துக்கு மேல் எவ்வளவு கிடைத்தது? முதல் மூன்றையும் அன்றே எழுதிவைக்கலாம். நான்காவதற்குக் காலம் வேண்டும்.

லீக் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ட்ராஃப்ட் இரவில் மதிப்பெண் கேட்காதீர்கள், ஒவ்வொரு மேலாளரிடமும் "ஏன் இவனை எடுத்தாய்?" என்று இரண்டு வரி எழுதி வாங்கிவையுங்கள். மூன்றாம் பருவம் முடிந்ததும் அதைப் பிரித்து எல்லோர் முன்னும் படியுங்கள். யார் யோசித்து எடுத்தார், யாருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்பது அந்த இரண்டு வரியில் தெரியும். ஏ, சி, எஃப் எல்லாம் அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.