முடி கொட்டுது: எங்களுக்கும் அம்மாக்களுக்கும்

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த நண்பன் ஒருவன் தொப்பியைக் கழற்றவே இல்லை. சாமி கும்பிடும்போதும் தொப்பி, சாப்பிடும்போதும் தொப்பி. வழக்கம்போல நாங்கள் சிரித்தோம். "என்னடா, லயத்துக்குள்ளயும் வெயிலா?" என்று கேட்டோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க எங்களுக்கு வாய் இல்லை. இருபத்திரண்டு வயதில் அவன் நெற்றி ஏற ஆரம்பித்தபோது "சொட்டை" என்று பட்டப்பெயர் வைத்ததே நாங்கள்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியம்மா "மாப்பிள்ளைக்கு வயசு கூடவோ?" என்று கேட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் நாங்கள்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் கொடுத்த விலை மூன்று இலட்சம் ரூபா. பாதி சேமிப்பு, பாதி கடன்.

2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் மூன்று இலட்சம் என்பது அவன் அம்மா 222 நாள் எடுக்கும் கொழுந்து. அவனைக் குற்றம் சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதால் சொல்கிறோம்.

அவனுக்கு அந்த இடத்தில் விலையை விளக்கிய அளவுக்கு வேறெதையும் விளக்கவில்லை. மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. போர்டிங் அறையில் தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே ஒரு வாரம் தூங்கியிருக்கிறான். நட்ட இடத்தில் பொருக்கு கட்டி, பத்து நாளில் உதிர்ந்தது. இதுவரை சரி. ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் நட்ட முடியே கொட்டத் தொடங்கியது. விடியக்காலையில் போன் பண்ணினான். "மச்சான், போட்ட காசு எல்லாம் தலையணையில கெடக்குது" என்றான். குரல் உடைந்திருந்தது. அந்த இடத்துக்கு எடுத்தால் பதில் இல்லை.

முடி நட்டவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பதுதான். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் மெல்ல முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் வரை ஆகும். ஆரம்ப வாரங்களில் கடும் வெயில், வியர்வை, பாரம் தூக்குதல் எல்லாம் கூடாது. இந்த நான்கு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த விடியக்காலை அவன் அழுதிருக்க மாட்டான்.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. முடி நடுவது புது முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையில் இருப்பதை எடுத்து முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். பரம்பரை வழுக்கையில் ஆண் ஹோர்மோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற பொருள் முன்தலை, உச்சி முடிகளின் வேரைச் சுருக்குகிறது. பின்தலை முடி அதற்கு அவ்வளவு மசியாது. அதனால் நட்டது நிற்கும், பக்கத்தில் உள்ள பழைய முடி தொடர்ந்து கொட்டும். அதைக் காப்பாற்றத்தான் மருந்து.

மருந்து என்றால் பெரும்பாலும் இரண்டு. மினொக்சிடில் முதலில் கடுமையான இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைட் ஆண்களின் புரொஸ்டேட் வீக்கத்துக்கு 1992இல் அனுமதி பெற்ற மாத்திரை. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, அதாவது 1 மில்லிகிராம், 1997இல் வழுக்கைக்கு வந்தது. இரண்டுமே பலன் காட்ட மாதக்கணக்காகும். மினொக்சிடில் போட்ட முதல் வாரங்களில் கூடுதலாகவே கொட்டலாம். நிறுத்தினால் வந்தது போய்விடும். வாழ்நாள் செலவு என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும்.

டவுன் ஃபார்மசியில் கேட்டு வாங்கி, கூட்டாளி சொன்ன அளவில் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஃபினாஸ்டரைட் சிலருக்குப் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும். மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதையும் ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் உறுதி செய்தது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கும். லயத்து வீட்டில் எல்லார் மருந்தும் ஒரே தட்டில்தான் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை இரத்ததானமும் செய்யக்கூடாது. வெட்கத்தில் ஒளித்துச் சாப்பிட்டால் இதையெல்லாம் யார் சொல்லித் தருவது?

ஒளித்துச் செய்வதில் உயிராபத்தும் இருக்கிறது. 2016 மே மாதம் சென்னையில் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர், 22 வயது, முடி நடும் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். வைத்தியம் படித்தவருக்கே அந்தக் கதி. 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சிகிச்சையை யார் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சியாகாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கத்தி பிடிப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா? அந்த இடம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதியப்பட்டதா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் காசு கட்டாதீர்கள்.

இதுவரை எழுதியது எங்கள் வயதுப் பையன்களின் கதை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொன்று.

முடி கொட்டிய அந்தக் காலையில், தலையணையைத் தட்டிக்கொண்டிருந்த மகனிடம் அவன் அம்மா வந்திருக்கிறார். தலைத்துணியை எடுத்து, குனிந்து உச்சியைக் காட்டியிருக்கிறார். கூடைக்கயிறு விழுகிற இடத்தில் கையகலத்துக்கு முடி இல்லை. தோல் வழவழவென்று இருந்ததாம். "எனக்கும்தான் கொட்டிருச்சு. யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார்.

இருபத்தாறு வருடம் கூட இருந்த மகன் அன்றுதான் பார்த்தான். அவன் சொன்ன பிறகுதான் நாங்களும் எங்கள் அம்மா, பெரியம்மா, அக்கா தலைகளைப் பார்த்தோம். பார்க்காதவர்கள் இன்றைக்கு வீட்டில் பாருங்கள்.

இதற்கும் வைத்தியத்தில் பெயர் இருக்கிறது: இழுவை வழுக்கை. தலைமுடியை இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதியது 1907இல். முடியை ஓயாமல் இழுத்தாலும் அழுத்தினாலும் வேர் நலிந்துபோகும். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்காக விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும், பிறகு மருந்து தடவியும் வராது. மழை நாளில் நனைந்த கொழுந்தோடு ஒரு கூடை எவ்வளவு கனக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கனம் முழுக்க ஒரு கயிற்றின் வழியாக உச்சந்தலைக்கு வருகிறது. காலையிலிருந்து மாலைவரை, பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்துவரை.

நமக்குப் பரம்பரையால் கொட்டினால் அது "பிரச்சினை". வைத்தியம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, கடன் கூடக் கிடைக்கிறது. அம்மாவுக்கு வேலையால் கொட்டினால் அது "வயசு". இது சரியில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. வேலையால் வந்த காயத்தை வேலைக் காயம் என்றே சொல்ல வேண்டும்.

"சம்பளமே ஒழுங்கா இல்ல, காணியும் இல்ல, வீடும் இல்ல. இதுல முடியா?" என்று சங்கத்து அண்ணன்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முடியைத் தின்கிற அதே கயிறுதான் கழுத்தையும் முதுகையும் தின்கிறது. தலையில் பாரம் வராமல் தோளிலும் இடுப்பிலும் ஏறுகிற பை வேண்டும். அகலமான, மெத்தை வைத்த பட்டி வேண்டும். அடிக்கடி நிறுத்து இறக்கி, பாரம் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு இலட்சங்கள் தேவையில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்குக் கீழே ஒரு வரியாக இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.

தலை முழுக்கக் கொட்டினால் காரணம் கயிறு மட்டுமல்ல. இரத்தச்சோகை, தைரொய்ட், பிரசவம், டெங்கு போன்ற காய்ச்சல் என்று பல இருக்கும். இரத்தம் சோதித்தால் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போக வேண்டிய நாளில் ஒரு பேர் போகும், அதுதான் செலவு. அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிள்ளைகள் நாம் கொடுக்கலாமே.

நண்பனுக்கு இப்போது ஏழாம் மாதம். முன்னால் முடி முளைத்திருக்கிறது, தொப்பி போய்விட்டது, கடன் இன்னும் இருக்கிறது. அம்மாவையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பழைய இடத்தில் இனி வராது, ஓரத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம், கயிறு அதே இடத்தில் விழக்கூடாது என்று வைத்தியர் சொன்னாராம். அவன் தடித்த துவாய் ஒன்றை மடித்துத் தைத்துக் கொடுத்தான். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தத்துல நழுவுதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வேறு மாதிரி ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் தோட்டத்தில் யாராவது இதற்கு நல்ல வழி கண்டிருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.