காலில் கட்டிய சீட்டு

சென்னைவாசிகள் ஒரு காலத்தில் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயர்தான். ஆனால் அதோடு ஓர் அசட்டு நியாயமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "செத்த பறவை எங்கே பிடிபட்டது என்று ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

பஞ்சடைத்த பறவைக்குக் குரல் கிடையாது. அதற்காகப் பேசுவது காலில் கட்டிய சீட்டு ஒன்றுதான். யார் பிடித்தது, எந்த ஊர், எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டே பொய் சொன்னால்?

மத்திய இந்தியக் காடுகளில் சிற்றாந்தை ஒன்று உண்டு. 1873-ல் அதை உலகுக்கு அறிவித்தவர், பிற்பாடு காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஹ்யூம். 1884-க்குப் பிறகு அது யார் கையிலும் அகப்படவில்லை, ஒருவரைத் தவிர. 1914-ல் குஜராத்தில் மாண்ட்வி என்ற இடத்தில் அதைப் பிடித்ததாகக் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் சீட்டு எழுதிக் கட்டியிருந்தார்.

கர்னல், செல்வந்தர், பறவை சாஸ்திரத்தில் பெரும் புள்ளி. 1954-ல் லண்டன் மியூசியத்துக்குச் சுமார் 20,000 பறவைகளைத் தானம் செய்தவர். அப்படிப்பட்டவரைச் சந்தேகிக்கலாமோ? அனுமதியில்லாமல் பறவைகளை எடுத்துப் போனதற்காக, அதே மியூசியம் முன்பு ஒரு சமயம் அவரை 18 மாதம் பறவை அறைக்குள் விடாமல் வைத்திருந்தது. ஆனாலும் தானத்தை வாங்கிக்கொண்டது. பெரிய மனிதர் அல்லவா!

1967-ல் அவர் காலமானார். 1990-களில் பமேலா ராஸ்முஸ்ஸன் என்ற பெண்மணியும் நைஜல் காலர் என்பவரும் அந்த ஆந்தையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ரவிக்கையைப் பார்த்தே தைத்தவர் யாரென்று சொல்லும் பெண்கள் நம் வீடுகளில் இல்லையா? பறவையைப் பாடம் செய்வதிலும் ஒவ்வொரு கைக்கும் ஒரு வாகு உண்டு. இது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் பிடித்துப் பாடம் செய்த ஆந்தை. மியூசியத்திலிருந்து திருடி, பிரித்து, வேறு பஞ்சடைத்து, புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார் கர்னல்!

"செத்தவர் மேல் பழி சொல்வானேன்?" என்பார் நண்பர். சொல்லத்தான் வேண்டும். அந்தப் பொய்ச் சீட்டை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பறவை அழிந்தே போய்விட்டது என்ற எண்ணம் வலுத்தது. இல்லாத பறவைக்காக யார் காட்டை விட்டு வைப்பார்கள்?

1997 நவம்பரில் ராஸ்முஸ்ஸனும் அவர் தோழர்களும் கர்னலின் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மைச் சீட்டுகள் காட்டிய ஊர்களுக்குப் போனார்கள். மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்கு அருகே ஒரு காலை வேளையில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பிறகு! செத்த காலேஜிலிருந்து உயிருள்ள பறவைக்கு வழி இருந்தது, ஐயா. அதை அடைத்து வைத்திருந்தது ஒரு பெரிய மனிதரின் பொய்.

நானும் பொய் சொல்லிப் பிழைக்கிறவன்தான். ஆனால் என் பொய்யின் தலையில் 'கதை' என்று சீட்டு ஒட்டித்தான் உங்களிடம் கொடுக்கிறேன். கர்னல் அந்த ஒரு வார்த்தையை எழுதவில்லை. அவர் தானத்தை எண்ணிய மியூசியமும், பட்டத்தைப் பார்த்து வாய் மூடிய நாமும் கேட்கவும் இல்லை.