கத்திரி வெயிலும் கோடை இடியும்

கோடை வந்துவிட்டால் நமது மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஒரே நாளில் இரண்டு சங்கடங்கள் வந்து சேருகின்றன. பகலெல்லாம் கரிசல் காடு அடுப்புக்கல்லைப் போல் காய்கின்றது. பிற்பகலில் எங்கிருந்தோ ஒரு கருமேகம் எழும்பி, புழுதிக் காற்றை வாரி அடித்து, கண்ணைப் பறிக்கும் மின்னலோடு அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடுகின்றது. வெயிலுக்கும் ஆள் சாகின்றான்; இடிக்கும் ஆள் சாகின்றான். சாகின்றவன் யாரென்று பார்த்தால், காட்டில் களை வெட்டுகின்றவள், ஆடு மேய்க்கின்றவன், சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகின்றவன், கட்டடத்திற்குச் செங்கல் சுமக்கின்றவள் ஆகிய இவர்களே. மச்சு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்திருந்தவன் தலையில் இடி விழுந்ததாக நாம் கேள்விப்படுவது வெகு அருமை.

இந்தச் சாவுகளில் பெரும் பகுதி தடுக்கக்கூடியவை என்பதையும், தடுக்கத் தெரிந்த அறிவு நாட்டில் இருந்தும் அது வெயிலில் நிற்கின்றவனுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்றும், வெப்பநிலை வழக்கத்தைவிட இத்தனை டிகிரி கூடுதலாக இருக்கும் என்றும் அதில் கண்டிருக்கும். இதைக் கேட்டவுடன் நம்மவர்கள், "பெய்யக்கூடும் என்றால் பெய்யாமலும் போகக்கூடும், இதைச் சொல்வதற்கு ஓர் ஆபீசு, அதற்கு ஒரு சம்பளமா?" என்று பரிகாசம் செய்கின்றார்கள்.

நல்லது. இதே ஆசாமிகள் சித்திரை மாதப் பிறப்பன்று பஞ்சாங்கம் படிப்பதைக் கேட்கும்பொழுது எப்படி உட்கார்ந்திருக்கின்றார்கள் என்று பாருங்கள். இவ்வருஷத்துக்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மேகாதிபதி இன்ன கிரகம். ஆதலால் மழை இத்தனை மரக்கால். அதில் சமுத்திரத்தில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று படிக்கப்படுகின்றது. ஒருவனாவது எழுந்து, "ஐயா, அந்தப் பூமிப் பங்கில் மல்லாங்கிணற்றுக் கண்மாய்க்கு எவ்வளவு? எந்தத் தேதியில்? மரக்கால் என்றால் எந்த ஊர் மரக்கால்?" என்று கேட்டதுண்டா? வருஷம் முடிந்த பிறகாவது, போன சித்திரையில் படித்தது பலித்ததா என்று கணக்குப் பார்த்ததுண்டா?

வானிலைக்காரர் சொல்வது தப்பிப் போவதே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. தப்பிப் போவதுண்டு. ஆனால் அவர்கள் சொன்னதைச் சோதிக்க முடியும். தினம் காலை 8.30 மணிக்கு மழைமானியை அளந்து கணக்கு வைக்கின்றார்கள். சொன்னது எவ்வளவு, பெய்தது எவ்வளவு என்று ஒத்துப் பார்த்துத் தப்பைக் குறைக்க வழி தேடுகின்றார்கள். இந்திய வானிலைத் துறை 1875ஆம் வருஷத்தில் ஏற்பட்டது முதல் இதுவே அவர்கள் தொழில். தப்பு என்று காட்டக்கூடிய பேச்சில்தான் நிஜமும் இருக்க முடியும். எப்பொழுதும் தப்பாத பேச்சு, எதையும் சொல்லாத பேச்சே ஆகும்.

அந்த அறிக்கையின் சொற்களுக்கும் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள அளவு நிலையங்களில் நூற்றுக்கு 25க்கு மேற்படாதவற்றில் மழை என்று பொருள். "சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. "பல இடங்களில்" என்றால் 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கு மேல். ஆகவே ஓரிரு இடங்களில் என்று சொன்ன அன்று அருப்புக்கோட்டையில் பெய்து மல்லாங்கிணற்றில் தூறல்கூட விழாமல் போனால், அறிக்கை பொய்யாகவில்லை. சொன்னபடியே நடந்தது என்றுதான் அர்த்தம். கோடை மேகத்தின் சுபாவமே அப்படி. ஒரு காட்டில் வாய்க்கால் ஓடும். அடுத்த காட்டில் புழுதி பறக்கும்.

இனி கத்திரிக்கு வருவோம். அக்கினி நட்சத்திரம் என்று மே மாதம் 4ந் தேதி வாக்கில் தொடங்கி 28ந் தேதி வாக்கில் முடிப்பார்கள். ஏதோ ஒரு நட்சத்திரம் நெருப்பைக் கொட்டுவதாகவும், அந்த நாட்களில் வீடு கட்டத் தொடங்குவதும் கிணறு தோண்டுவதும் கூடாதென்றும் சொல்லுகின்றார்கள். சூரியன் நம் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் மாத நடுவில். அதற்குப் பிறகு தரை நாளுக்கு நாள் சூடேறி, மழை மேகமும் வராத காலமாகையால் மே மாதம் கொதிக்கின்றது. இதில் நட்சத்திரத்துக்கு ஒரு வேலையுமில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரிக்கு ஏறியது 2003ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி. அதாவது கத்திரி "முடிந்த" பிறகு. 2025ஆம் வருஷத்திலோ கத்திரி நடக்கும்பொழுதே மே 24ந் தேதி கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வெயிலும் மழையும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

பஞ்சாங்கம் போகட்டும், படித்தவர்கள் நடத்தும் சர்க்காராவது தெளிந்திருக்கின்றதா என்றால், 2019ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில் அறநிலையத் துறையிலிருந்து முக்கியக் கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. மழைக்காக யாகம் செய்யவேண்டும், வருண ஜபம் செய்யவேண்டும், அமிர்தவர்ஷினி முதலிய ராகங்களை வாசிக்கவேண்டும் என்பது அதன் சாரம். குருக்கள்மார் அண்டாத் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து ஜபித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தரை வெடித்தது. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வருணன் அனுப்பாத தண்ணீரை ரயில் எஞ்சின் இழுத்துவந்தது. அண்டாவில் ஊற்றிய தண்ணீரையாவது குடிக்கக் கொடுத்திருக்கலாம் அல்லவா என்று கேட்கின்றோம்.

நிற்க. இடி என்பது என்ன? கொதிக்கும் தரையிலிருந்து சூடான காற்று மேலே ஏறுகின்றது. கடற்பக்கமிருந்து ஈரக்காற்றும் வந்து கலந்துவிட்டால், அந்த மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம் போல் வளர்ந்துவிடுகின்றது. அவ்வளவு உயரத்தில் நமது கோடையிலும் நீர் உறைந்து பனிக்கட்டியாகின்றது. அந்தப் பனித் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரம் பிரிந்து சேருகின்றது. அது தரைக்குப் பாய்வதே இடி விழுவது. பாயும் வழியிலுள்ள காற்று சூரியனின் மேற்பரப்பைப் போல் பல மடங்கு சூடேறி வெடித்து விரிவதுதான் நாம் கேட்கும் முழக்கம். இதில் இந்திரனுக்கு வஜ்ராயுதமும் இல்லை. பாவி, புண்ணியவான் என்ற கணக்கும் இல்லை. "உன் தலையில் இடி விழ" என்று சபிக்கின்றார்களே, மரத்தடியில் ஒதுங்கிய ஆட்டு மந்தை ஒரே இடியில் செத்துக் கிடப்பதைக் கண்டவர்கள், அந்த ஆடுகள் போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தன என்று சொல்லட்டும்.

மூடநம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமென்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் இடி முழங்கினால் பிசாசை விரட்டுவதற்காக மாதா கோயில் மணியை அடித்துவந்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரம், ஈரக் கயிறு, மேலே உலோக மணி! 33 வருஷங்களில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்தவர்களில் 103 பேர் மாண்டதாக 1784ல் மூனிச் நகரில் வெளியான ஒரு புத்தகம் கணக்குக் கொடுத்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1752ல் மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டி, இடிதாங்கியையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதன் பிறகும் மணியை விடப் பல காலம் பிடித்தது.

இங்கேயோ இடிதாங்கி வந்த பிறகு, "கோபுரக் கலசத்தில் வரகைப் போட்டு வைத்தார்களே, அதுதான் இடிதாங்கி, நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்று ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கின்றது. இடிதாங்கி என்பது உச்சியில் ஒரு கம்பி, அதிலிருந்து தரைக்குள் ஈரமண் வரையில் தொடர்ந்து இறங்கும் ஓர் உலோகப் பட்டை. அந்தப் பட்டை இல்லாத கலசம் இடியை எங்கே கொண்டுபோய் விடும்? கோபுரத்தில் இடி விழுந்து பொம்மைகள் உடைந்தன என்ற சேதி பத்திரிகைகளில் வந்துகொண்டுதானே இருக்கின்றது? இன்று கோயில்காரர்களே சர்க்கார் பொறியாளரைக் கூப்பிட்டு நிஜமான இடிதாங்கியை மாட்டிக்கொள்ளுகின்றார்கள். சாமிக்கு இடிதாங்கி வேண்டுமானால் ஆசாமிக்கு வேண்டாமா?

நமது கிராமங்களில் இடி இடித்தால், "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லுவது வழக்கம். அந்த வாயால், மின்னல் கண்டது முதல் இடி கேட்கும் வரை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வருவதற்குச் சுமார் மூன்று விநாடி ஆகின்றது. முப்பதுக்குள் இடி கேட்டால், அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கின்றது. உடனே காட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை திரும்பக்கூடாது. ஒற்றை மரம், பனை, தகரக் கொட்டகை, கம்பி வேலி, டிராக்டர், சைக்கிள் இவற்றை அண்டக்கூடாது. கட்டட வீடோ, மூடிய பஸ்ஸோ, காரோ நல்லது. ஒன்றும் அகப்படாவிட்டால் பள்ளமான இடத்தில் இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்துக் குந்தவேண்டும்; படுக்கக்கூடாது. தரையில் பரவும் மின்சாரம் அகன்ற கால்களுக்கிடையேதான் உடம்பில் ஏறும். மாடுகள் அதிகமாய்ச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னல் பட்டவனைத் தொட்டால் நமக்கும் பாயும் என்பது பொய். அவன் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்க்கவேண்டும், 108க்குச் சொல்லவேண்டும்.

வெயில் விஷயத்திலும் இதே இருட்டுத்தான். உச்சிப்பொழுதில் காட்டில் வேலை செய்தவன் மயங்கி விழுந்து, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, கண்டபடி பிதற்றினால், "உச்சி முனி அடித்துவிட்டது" என்று கோடாங்கியைக் கூப்பிடுகின்றார்கள். உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறி மூளை கலங்குவதே அந்தப் பிதற்றல். அப்பொழுது ஒவ்வொரு நிமிஷமும் உயிர். நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நேரத்தில் உடுக்கடித்துக்கொண்டிருந்தால், முனி விட்டாலும் எமன் விடமாட்டான். அந்த முனி கோடை உச்சியில் வயல் கூலியை மட்டும் அடித்து, வரப்பில் குடை பிடித்து நிற்கும் மிராசுதாரரை ஏன் அடிப்பதில்லை என்று யோசித்தாலே விஷயம் விளங்கிவிடும்.

இன்னொன்று: அறிக்கையில் 39 டிகிரி, 40 டிகிரி என்று வருவது நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளந்த சூடு. களை வெட்டுகின்றவள் பெட்டிக்குள் நிற்கவில்லை. அவள் முதுகின் மேல் நேர் வெயிலும் காலுக்குக் கீழே காய்ந்த கரிசலும் இருக்கின்றன. இடிமழைக்கு முன் காற்றில் ஈரம் கூடிவிட்டால் வியர்வையும் காயாது. உடம்பு குளிர வழியில்லை. ஆகவே, வெப்ப அலை என்று சர்க்கார் அறிவிக்காத நாளிலும் அவளுக்கு ஆபத்து உண்டு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் மின்னலால் மாண்டவர்கள் 2,887 பேர். தமிழ்நாடு சர்க்கார் 2024ஆம் வருஷம் அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று உத்தரவு போட்டது. நல்ல காரியந்தான், பாராட்டுகின்றோம். ஆனால் செத்த பிறகு 4 லட்சம் கொடுப்பவர்கள், சாகுமுன் ஒரு பந்தல் நிழலும், ஒரு பானைத் தண்ணீரும், கூலி குறையாத இரண்டு மணி நேர ஓய்வும் கொடுத்தால் அந்த 4 லட்சமே மிச்சமல்லவா?

பலர் சொல்லக்கூடும்: "அறிக்கையைக் கேட்டு வேலையை நிறுத்தினால் கூலி யார் கொடுப்பார்?" என்று. இதுவே சரியான கேள்வி. இடி வரும் என்று தெரிந்தும் அரை நாள் கூலி போய்விடுமே என்று காட்டில் நிற்கின்றவனை நாம் மூடன் என்று சொல்லமாட்டோம். பசிதான் அவனை அங்கே நிறுத்தி வைக்கின்றது. அறிவு மட்டும் வந்து கூலிக்கு வழி வராவிட்டால் அந்த அறிவு அவனுக்குப் பயன்படாது. ஆகையால் நாம் கேட்பது இவை: கோடையில் காட்டு வேலையும் கட்டட வேலையும் விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடியவேண்டும். இடிக்காக நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது. பள்ளிக்கூடங்களிலும், நமது மாவட்டத்தில் மருந்து இடிக்கும் பட்டாசுச் சாலைகளிலும் இடிதாங்கி சரியாக இருக்கின்றதா என்று வருஷந்தோறும் கோடைக்கு முன் பார்க்கவேண்டும். திருவிழாவுக்கு ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகின்றோமே, அதே ஒலிபெருக்கியில் தினம் காலையும் பிற்பகலும் வானிலை அறிக்கையை நமது பாஷையில் படிக்கவேண்டும்.

மல்லாங்கிணற்றுத் தோழர்கள் இதற்குச் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் டீக்கடைப் பலகையில் தினமும் நாலு வரி எழுதிவைக்கலாம். மழைக்குக் கழுதைக் கலியாணம் செய்யச் சேர்க்கும் பணத்தில் ஒரு மழைமானியும், காட்டு வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலும் வைக்கலாம். மழைமானியில் அளந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த சித்திரையில் பஞ்சாங்கம் படிக்கும் இடத்துக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எது பலித்தது என்று ஊர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.