காரணம் சொல்லாத தடை

2008 அக்டோபரில், பெதஸ்டா நிறுவனத்தின் 'ஃபால்அவுட் 3' வெளியாவதற்குச் சில நாள்கள் முன்பு, இந்தியாவில் அதன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்நாட்டின் பண்பாட்டு உணர்வுகளைக் கருதி எடுத்த வணிக முடிவு என்பதற்கு மேல் அதில் விளக்கம் இல்லை. அணுப்போரில் அழிந்த வாஷிங்டனை இரு நூற்றாண்டுகளுக்குப் பின் காட்டும் அறிவியல் புனைகதை அது. ஆடுபவர் கதைமாந்தர் ஒருவராகி, அவர் பேசுவதையும் செய்வதையும் தாமே தீர்மானிப்பதால் இவ்வகை வீடியோ கேமைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பர். அடிமை வணிகம், போதைமருந்து, சித்திரவதை எனப் பலவும் அதில் உண்டு. இவற்றில் எது இந்தியருக்கு ஆகாது என்பது சொல்லப்படாமையால், கதிர்வீச்சினால் இரண்டு தலையோடு திரியும் 'பிராமின்' என்ற மாடுகளே காரணம் என்னும் ஊகம் பரவியது. 1997இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே அம்மாடுகள் இருக்கின்றன என்பதும், அமெரிக்கப் பண்ணைகளில் பிராமன் என்றே வழங்கும் திமில் மாட்டினம் ஓங்கோல், கிர் முதலிய நம் நாட்டு மாடுகளிலிருந்து உருவானது என்பதும் அந்தப் பரபரப்பில் பேசப்படவில்லை.

அதே ஆட்டத்தைப் பிற நாடுகள் எதிர்கொண்ட விதம் வேறு. உண்மையான மருந்தாகிய மார்ஃபினைப் பயன்படுத்துவது ஆடுபவருக்கு ஆதாயமாக அமைந்திருப்பதைச் சுட்டி ஆஸ்திரேலியத் தணிக்கைக் குழு சான்று மறுத்தது. மருந்தின் பெயர் மெட்-எக்ஸ் என மாறியபின் வழிவிட்டது. ஜப்பானின் நிலை இன்னும் நுட்பமானது. மெகாட்டன் என்னும் ஊரின் நடுவே வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது; அவ்வூர் மதுக்கடையில் அமர்ந்திருக்கும் கோட்டுப் போட்ட ஆள் ஒருவர், அதை வெடிக்கவைத்தால் பணம் தருவதாக ஆடுபவரிடம் பேரம் பேசுகிறார். மறுக்கலாம், குண்டைச் செயலிழக்கச் செய்யலாம், அல்லது தொலைவிலுள்ள மாடியில் நின்று பொத்தானை அழுத்தி ஊர் எரிவதைப் பார்க்கலாம். ஜப்பானியப் பதிப்பில் அந்தப் பேரமும் ஆளும் நீக்கப்பட்டதோடு, நாகசாகியில் விழுந்த குண்டின் பெயரைத் தாங்கிய 'ஃபேட் மேன்' என்ற ஆயுதமும் பெயர் மாற்றப்பட்டது. நீக்கம் சரியா என்பதில் கருத்து வேறுபடலாம். எது, ஏன் நீக்கப்பட்டது என்பதேனும் அங்கே தெரிந்திருந்தது.

கொடூரத்தைக் காட்டுவதே குற்றம் என்னும் வாதம் எங்கள் காரைக்காலில் எடுபடாது. பேய்கள் உலவும் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைக் கூசாமல் பாடிய காரைக்கால் அம்மையாருக்கு ஆனிதோறும் மாங்கனி இறைத்துத் திருவிழா எடுக்கும் ஊர் இது. ஆனால் காட்டப்போவதை முன்னரே சொல்லவேண்டும். நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்று வலியுறுத்தும் இலக்கண நூலான நன்னூல், நுதலிய பொருளையும் கேட்போரையும் அதில் கூறச் சொல்கிறது. அதாவது உள்ளே இருப்பது என்ன, யாருக்கு உரியது என்பது வாசலிலேயே தெரியவேண்டும். இன்றைய உள்ளடக்க எச்சரிக்கை செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

இந்தியாவிலோ திரையரங்குப் படத்துக்குத் தணிக்கை வாரியம் உண்டு, இணையத் தொடருக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி வயது வரம்பும் உள்ளடக்கக் குறிப்பும் உண்டு. 2024இல் அமேசான் பிரைமில் வந்த 'ஃபால்அவுட்' தொடரும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே. மூலமான விளையாட்டுகளைத் தரம்பிரிக்க அப்படியோர் அமைப்பு இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழி விளையாட்டுச் சட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அதன் முதன்மை நோக்கம் சூதாட்டத் தடையே. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் 'ஃபால்அவுட் 3' வட்டின் உறையில் பெகி என்னும் ஐரோப்பிய அமைப்பின் 18 என்ற முத்திரையேனும் இருக்கும்.

அந்த முத்திரையும் போதுமானதன்று. வன்முறை, அச்சம், போதைமருந்து, சூதாட்டம் எனப் பெகி சில வகைகளையே குறிக்கிறது. கொடுமையை ஆடுபவர் பார்க்க மட்டும் செய்கிறாரா, தம் கையால் செய்கிறாரா, விரும்பினால் தவிர்க்கலாமா என்பதை அது கூறுவதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளுக்கு அதில் வகையே கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் கடல் புகுந்ததைக் கண்டவருக்கு இரண்டு தலை மாடு வெறும் வேடிக்கையாகவும், நீரடியில் கிடக்கும் தெரு தாங்க முடியாததாகவும் இருக்கக்கூடும். இதை ஐரோப்பிய முத்திரையில் எதிர்பார்ப்பது வீண். புதிய ஆட்டங்களைத் தமிழில் ஆடிக்காட்டும் யூடியூபர்கள், வரைகலையையும் விலையையும் பேசும் நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கினாலே சொல்லிவிடலாம்.