வகடுவின் மொழிக்குப் பள்ளியில் இடம் எங்கே?



கானா என்றதும் 1957இல் விடுதலை பெற்ற நாடுதான் உங்கள் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இரவல் பெற்றது. பழைய கானா அங்கிருந்து வெகு தொலைவில், சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்தில், இன்றைய மோரித்தானியாவும் மாலியும் இருக்கும் மண்ணில் இருந்தது. அதை ஆண்டவர்கள் சோனிங்கே இனத்தவர். தங்கள் நாட்டை அவர்கள் அழைத்த பெயர் வகடு.

அந்த அரசைப் பற்றி 1068இல் எழுதிய அல்-பக்ரி, மன்னனின் நாய்கள்கூடப் பொன், வெள்ளிப் பட்டைகள் அணிந்திருந்ததாகக் கூறுகிறார். நூல்கள் இந்தப் பொன்னைத்தான் விரும்பிப் பேசும். நாம் கவனிக்க வேண்டியது அவர் தரும் வரிக் கணக்கு. உப்புச் சுமையோடு நாட்டுக்குள் வரும் கழுதைக்கு ஒரு தினார். வெளியே போகும் கழுதைக்கு இரண்டு. ஆப்பிரிக்காவுக்கு ஆட்சிமுறையே தெரியாது என்று சொன்னவர்கள் இதைப் படிக்கவில்லை போலும்!

வகடு எப்படி அழிந்தது? ஆண்டுக்கு ஒரு கன்னிப்பெண்ணைப் பலி பெற்றுக்கொண்டு பொன்னையும் மழையையும் தந்தது பிடா என்னும் பாம்பு. ஓர் ஆண்டு, பலிக்கு நின்றவளின் காதலன் பாம்பை வெட்டினான். மழை பொய்த்தது, மக்கள் சிதறினார்கள். இப்படிச் சொல்கிறது அவர்களுடைய மரபுக்கதை. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் கெசெரே எனப்படும் பாணர்கள். எழுத்தில் அல்ல, சோனிங்கே மொழியின் நாவில்.

அந்த மொழியின் கதி என்ன? வகடுவின் தலைநகர் என்று கருதப்படும் கும்பி சாலே மோரித்தானியாவில்தான் பாழ்பட்டுக் கிடக்கிறது. அதே நாட்டில் சோனிங்கேயர் இன்று சிறுபான்மையினர். 1979இல் தேசிய மொழிகளுக்கென ஒரு கழகம் அமைந்தது. 1982 முதல் சோதனை வகுப்புகளில் சோனிங்கே, புலார், வோலோஃப் மொழிகளில் பாடம் நடந்தது. 1989இல் கறுப்பின மோரித்தானியர் பல்லாயிரம் பேர் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் ஃபுலானியர்; சோனிங்கேயரும் அவர்களில் இருந்தனர். 1991 அரசமைப்புச் சட்டம் இம்மூன்றையும் தேசிய மொழிகள் என்று ஏற்றது. ஆட்சிமொழி அரபு மட்டுமே. 1999 கல்விச் சீர்திருத்தம் அந்தச் சோதனை வகுப்புகளையும் மூடியது.

சட்டத்தில் தேசிய மொழி, வகுப்பறையில் இல்லாத மொழி. தமிழ்ப்பள்ளியில் அகரம் எழுதிய நீங்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

பிரான்சுக்குப் பிழைக்கப்போன சோனிங்கேத் தொழிலாளர்கள், விடுதி அறைகளில் நெருக்கியடித்துத் தங்கி, ஊர்ச்சங்கம் வைத்துப் பணம் சேர்த்து, சொந்தக் கிராமங்களில் கிணறும் மருந்தகமும் பள்ளியும் கட்டினார்கள். கட்டடம் எழுப்ப அவர்களால் முடிந்தது. உள்ளே எந்த மொழியில் பாடம் என்பதை முடிவு செய்தது அரசு.

2022இல் மோரித்தானியா புதிய கல்விச் சட்டம் இயற்றி, தாய்மொழிகளை மீண்டும் பள்ளிக்குள் அனுமதித்தது. சட்டம் விவாதத்தில் இருந்தபோதே மொழி உரிமையாளர்கள் தெருவில் இறங்கினர். படிக்கும் மொழியாக மட்டும் போதாது, ஆட்சிமொழியாகவும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அடுத்த ஆண்டே, 2023இல், எல்லைக்கு அந்தப் பக்கம் மாலி தன் புதிய அரசமைப்பில் சோனிங்கே உள்ளிட்ட தேசிய மொழிகளை ஆட்சிமொழிகள் ஆக்கிவிட்டது.