பத்தியில் உள்ளதே விடை

சென்ற மாதம் ஒரு மாலை, நம் சங்கத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளையும் அவளது விடைத்தாளையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். சிறுமி ஏழாம் வகுப்பு மாணவி. ஆங்கிலத் தாளில் பாடத்தில் இல்லாத பத்தி ஒன்றைக் கொடுத்துக் கேட்டிருந்த வினாக்களுக்குப் பத்துக்கு மூன்றே மதிப்பெண். “ஐயா, கதை கேட்டால் இவள் ஒரு வார்த்தை மறக்கமாட்டாள். பரீட்சையில் மட்டும் ஏன் இப்படி? எனக்கோ இங்கிலீஷும் தெரியாது, இந்த ஊர் எழுத்தும் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?” என்றார் அந்தத் தாய்.

பிழைப்பை நாடி வந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது. ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

வாசித்துணர்தல் சிறிய விஷயமன்று. நவோதயா பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கான தேர்வில் மொழிப் பகுதி முழுவதும் இதுவே: நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் ஐந்து வினாக்கள், மொத்தம் 30 நிமிடம். பத்தி ஒன்றுக்கு ஏழரை நிமிடமே கிடைக்கும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளிலும், அண்மை ஆண்டுகளில், 80 மதிப்பெண்ணில் 20 இதற்கென்றே வைக்கப்பட்டுள்ளது. மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. நடுநிலை வகுப்புகளிலேயே பழக்கம் ஏற்பட வேண்டும்.

அச்சிறுமி நம் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவள். ஆதலால் தமிழிலேயே ஒரு சிறு பத்தியை எழுதிக் கொடுத்தோம்.

“பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பல்கள் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே திறக்கும்படி அமைந்திருந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாலத்தின் பல பகுதிகளைக் கடல் கொண்டுபோயிற்று. எனினும் நடுப்பகுதி நிலைத்து நின்றது. பழுதுகள் 46 நாட்களில் சீராக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி பிளவுபடாமல் முழுதாக உயர்கிறது.”

“புயலால் பாலத்துக்கு நேர்ந்த சேதம் யாது?” என்று கேட்டோம். “தனுஷ்கோடி முழுவதும் அழிந்துபோயிற்று” என்று உடனே எழுதினாள். பாட்டி சொல்லக் கேட்டதாம். செய்தி உண்மையே, விடை தவறு. பத்தியில் தனுஷ்கோடியின் பெயரே இல்லை. வினாவோ பாலத்தைப் பற்றியது. பள்ளி விடைத்தாளைப் பார்த்தோம். அங்கும் இதே பிழைதான். அவளுக்குக் குறைவாக இருந்தது ஆங்கிலம் மட்டுமன்று. தனக்குத் தெரிந்ததை எழுதினாளேயன்றிப் பத்தி சொல்வதை எழுதவில்லை.

இத்தகைய தேர்வின் முதல் விதி இதுவே: விடை பத்திக்குள் இருக்கிறது. எழுதுமுன் மாணவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட இயலாவிடில் மீண்டும் படிக்க வேண்டும்.

செய்யவேண்டிய முறை எளிது. முதலில் பத்தியை ஒருமுறை நிறுத்தாமல் படித்து, எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுதல். அடுத்து வினாக்களைப் படித்து, யார், எப்போது, ஏன், எவ்வாறு என்ற சொற்களின்கீழ்க் கோடிடுதல். “அன்று”, “தவிர” போன்ற சொற்களை விட்டுவிட்டால் விடை தலைகீழாகிவிடும். பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் உரிய வரியைத் தேடி நிதானமாகப் படித்தல்.

வினாக்களில் நான்கு வகை உண்டு. ஒன்று நேர்வினா. “புயலுக்குத் தப்பிய பகுதி எது?” என்றால், “நிலைத்து நின்றது” என்ற வரியே விடை. “தப்பிய” என்ற சொல் பத்தியில் இல்லை. வினா அதே பொருளை வேறு சொல்லால் கேட்கிறது. இரண்டாவது உய்த்துணர் வினா. “இரு பாலங்களுக்கும் உள்ள ஒற்றுமை யாது?” என்று கேட்டால், நடுப்பகுதி திறந்தோ உயர்ந்தோ கப்பலுக்கு வழிவிடும்படி இரண்டும் அமைக்கப்பட்டவை என்பது விடை. புதிய பாலத்தைச் சொல்லும் வரியில் கப்பல் இல்லை. ஆயினும் இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். மூன்றாவது சொற்பொருள். அறியாத சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்து, தோன்றும் பொருளை அச்சொல்லின் இடத்தில் வைத்துப் பார்த்து, வாக்கியம் பொருந்தினால் எழுதலாம். நான்காவது மையக் கருத்து. “1964-ஆம் ஆண்டுப் புயல்” என்பது நம் பத்திக்குத் தலைப்பாகாது. அது ஒரு பகுதியை மட்டுமே குறிக்கும். “பாம்பனின் இரு பாலங்கள்” என்பது முழுமைக்கும் பொருந்தும்.

விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பத்தியின் சொற்களையே திருப்பிப் பொருளை மாற்றிய விடையிடம் எச்சரிக்கை வேண்டும். “எல்லாம்”, “ஒருபோதும்” என்று வரம்பின்றிப் பேசும் விடையையும் பத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் எந்த வினாவையும் விட்டுவைக்கலாகாது. நவோதயா தேர்வு அவ்வகையானதே.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வாசித்துப் பொருளறியும் திறன் ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. ஒரு மொழியில் வளர்ந்த திறன் மற்றொன்றுக்கும் துணையாகும் என்று கனடா நாட்டுக் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எழுதினார். வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளையின் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே தாய்மார்கள் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பிள்ளை பள்ளி மொழியில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கட்டும். பிறகு தமிழில் சொல்லட்டும். நீங்கள் மூன்றே கேள்வி கேளுங்கள்: “இதில் என்ன சொல்லியிருக்கிறது? எந்த வரியில் இருக்கிறது? இதற்கு நீ ஒரு பெயர் வைத்தால் என்ன வைப்பாய்?” விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை வரியைத் தேடிக் காட்டி, அதன் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டும், அதுவே பயிற்சி. புரியாத சொற்கள் எஞ்சினால் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாயைச் சந்தித்தோம். அடுத்த பரீட்சை இன்னும் வரவில்லை. “நான் கேட்டால் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை ஐயா, புத்தகத்தைப் பார்க்கிறாள்” என்றார். எழுத்தறியாத அத்தாய் தம் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்றே கருதுகிறோம்.